கிளாஸின் மேல் வைத்த கை

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஒக்டோபர் வெள்ளிக்கிழமை. மொன்ட்ரியாலில் இருந்து பாலத்தைக் கடந்து ஒன்றரை மணி நேரம் கார் ஓடினால் வயல்களும் ஆப்பிள் தோட்டங்களுமாக ஒரு நாட்டுப்புறம் வரும். அங்கே ஜின் வடித்து விற்கிற ஒரு சிறிய இடத்துக்கு என் மனைவியின் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனேன். போகும்போது, ஊரிலேயே என்னைப்போல ஒரு நல்ல அத்தான் இல்லை என்ற நினைப்பில் இருந்தேன். திரும்பி வரும்போது என் முகத்தைக் காரின் கண்ணாடியில் பார்க்கவே எனக்கு விருப்பமில்லை.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லவேண்டும். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. சென்ட் லோரன்ட்டில் மருந்து பொதி செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருபது வருடமாக வேலை. கனடாவுக்கு வந்த புதிதில் மொன்ட்ரியால்-நோரில் இரண்டு அறை வீட்டில் ஏழு பேர் இருந்தோம். இப்போது கர்க்லாண்டில் சொந்த வீடு. வீட்டுக்கு ஆட்கள் வந்து சாப்பிட்டுப் போவதில் எனக்கு ஒரு பைத்தியம். என் வீட்டுக்கு வருவதென்றால் இரவல் வயிறு ஒன்றும் கொண்டுவரவேண்டும் என்று நண்பர்கள் பகிடி விடுவார்கள். அதைப் பட்டம் கிடைத்ததுபோல நான் ஏற்றுக்கொள்வேன்.

எங்கள் ஆட்களின் பழக்கம் உங்களுக்குத் தெரியும். "இன்னும் கொஞ்சம் போடட்டே?" என்று கேட்டால் யாரும் உடனே ஓம் என்று சொல்லமாட்டார்கள். "காணும், காணும்", அதாவது போதும், என்று தட்டின் மேல் கையை விரிப்பார்கள். அது மரியாதை. கையைக் கண்டதும் கரண்டியைத் திருப்பிக்கொண்டு போகிறவனுக்கு உபசரிக்கத் தெரியாது என்று பெயர். விரல் இடுக்கு வழியாகவாவது சோற்றைப் போட்டுவிடவேண்டும். முதல் 'வேண்டாம்' சும்மா. இரண்டாவது 'வேண்டாம்' வெட்கம். மூன்றாவதில்தான் உண்மை தெரியும். இப்படித்தான் நான் வளர்ந்தேன். மூன்றாவதையும் தாண்டிப் போடுவதில் நான் கெட்டிக்காரன்.

இனி மச்சான். மனைவிக்கு ஒரே தம்பி, லண்டனில் இருக்கிறான். எட்டு வருடத்துக்குப் பிறகு பத்து நாள் லீவில் எங்களிடம் வந்திருந்தான். அந்தக் காலத்தில் அவன் வந்தால் எனக்குத் தீபாவளி. இரண்டு பேரும் பேஸ்மென்ட்டில் போத்தலைத் திறந்துவைத்துக்கொண்டு இருந்தால் மனைவி மேலே நின்று கத்துவாள், நாங்கள் கீழே நின்று சிரிப்போம். அவன் நன்றாகக் குடிப்பான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. 'ஆள் நல்ல ஜாலி' என்றுதான் சொல்வோம்.

எனக்கு அன்று தெரியாத ஒன்றை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அவன் குடியை விட்டுப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. விட்டதென்றால் சும்மா விடவில்லை. வேலை போய், அவன் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய், பிறகு ஒரு வைத்தியசாலையில் ஆறு கிழமை இருந்து, ஒவ்வொரு கிழமையும் குடியை விட்டவர்களின் கூட்டத்துக்குப் போய் விட்டது. இனி ஒரு சொட்டு என்றாலும் மகளோடு போய்விடுவேன் என்று சொல்லித்தான் அவன் மனைவி திரும்பி வந்திருக்கிறாள். மகளுக்குப் பதின்மூன்று வயது. தகப்பன் எங்கே நின்றாலும் லண்டன் நேரம் பின்னேரம் ஐந்து மணிக்கு அவள் போன் எடுப்பாள். எங்களுக்கு அது மத்தியானம் பன்னிரண்டு.

இதில் ஒன்றும் அவன் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லமாட்டான். எங்கள் சனத்திடம் 'குடியை விட்டிட்டன்' என்று சொன்னால் 'அப்ப குடிகாரனாய் இருந்தவனோ?' என்றுதான் அடுத்த கேள்வி வரும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடமுடியாது. லண்டனில் சொன்ன கதை மொன்ட்ரியாலுக்கு வர அரை மணி நேரம் போதும். இதையெல்லாம் இங்கே எழுதுவதற்கு அவனிடம் அனுமதி கேட்டேன். "எழுதுங்கோ அத்தான், பேரை மட்டும் போடாதேங்கோ" என்றான்.

அவன் வந்த முதல் இரண்டு நாளும் நான் இரவு வேலை. மூன்றாம் நாள் ஒரு போத்தலைக் காட்டினேன். வயிறு சரியில்லை என்றான். நான் அதையும் உபசாரக் கணக்கில் போட்டுக்கொண்டேன். ஆள் வெட்கப்படுகிறான், சாதாரணச் சாமான் இனி இவனுக்குப் பிடிக்காது, வேறு மாதிரி ஏதாவது செய்யவேண்டும் என்று நினைத்தேன். எங்கள் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்கிற கியூபெக்காரர் ஒருவர் இந்த ஜின் இடத்தைப் பற்றி முன்பே சொல்லியிருந்தார். சுற்றிக் காட்டுவார்களாம், நாலு வகை சுவை பார்க்கத் தருவார்களாம். இரண்டு பேருக்குப் பதிவு செய்துவிட்டு, மச்சானிடம் "ஒரு இடத்துக்குப் போறம், எங்கையெண்டு கேளாதை" என்று மட்டும் சொன்னேன்.

பாலத்தைக் கடந்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னேன். அவன் வெளியே கையைக் காட்டினான்.

"அத்தான், இந்தப் பக்கம் ஆப்பிள் பிடுங்கிற தோட்டங்கள் இருக்காமே. அக்கா சொன்னவா. அங்க போவமே?"

"ஆப்பிள் லண்டனிலயும் இருக்குதுதானே. பேசாமல் வா" என்றேன்.

இன்னொரு தடவை, தலை இடிக்கிறது என்றான். காரில் இருந்த பனடோலை எடுத்துக் கொடுத்தேன். அந்த மனிதன் எத்தனை கதவைத் தட்டினான் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். நான் ஒரு கதவும் திறக்கவில்லை.

அந்த இடம் ஒரு பழைய மாட்டுக் கொட்டகை. சிவப்புப் பெயின்ட் அடித்து, உள்ளே சீமெந்து போட்டு, நடுவில் பளபளவென்று ஒரு பெரிய செப்புப் பானை வைத்திருந்தார்கள். அதில் இருந்து மேலே ஒரு நீண்ட கழுத்து. நடத்துகிறவர் ஒரு பெண், எனக்கு இரண்டு மூன்று வயது மூப்பாக இருக்கும். ரப்பர் சப்பாத்தோடு வந்து 'போன்ஜூர்' சொல்லி, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்துக்கு மாறினார். எங்களோடு வயதான ஒரு சோடியும், இரண்டு இளம் பெண்களும் இருந்தார்கள்.

ஜின்னுக்குள் என்னென்ன போடுகிறார்கள் என்று சின்னச் சின்னக் கிண்ணங்களில் வைத்துக் காட்டினார். கறுப்பு மணிபோல ஒரு காய், அதுதான் முக்கியமாம். பிறகு எலுமிச்சைத் தோல், ஏலக்காய், பக்கத்துக் காட்டில் பிடுங்கிய ஏதோ ஊசியிலைக் குருத்து. கடைசிக் கிண்ணத்தைப் பார்த்ததும் நான் துள்ளினேன். கொத்தமல்லி! எங்கள் வீட்டுக் கொத்தமல்லி!

அவ்வளவுதான், எனக்கு வாய் திறந்துவிட்டது. தடிமன் பிடித்தால் நாங்கள் கொத்தமல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் அவித்துக் குடிப்போம் என்று அந்தப் பெண்ணுக்கும் வந்திருந்த எல்லோருக்கும் விளக்கம் சொன்னேன். அந்த வயதானவர் தலையாட்டிக் கேட்டார். இளம் பெண்கள் சிரித்தார்கள். ஆட்கள் சிரித்தால் எனக்குக் கால் நிலத்தில் நிற்காது. மச்சான் மட்டும் பானையில் இருந்து எவ்வளவு தூரம் தள்ளி நிற்கமுடியுமோ அவ்வளவு தூரம் தள்ளி, கதவடியில் நின்றான். மணிக்கூட்டைப் பார்த்தான். பிறகும் பார்த்தான்.

பிறகு நீண்ட மேசையில் இருத்தினார்கள். ஆளுக்கு ஒரு பலகை, அதில் நாலு சிறிய கிளாஸ். நடுவில் துப்புவதற்கு ஒரு தகர வாளி. நான் கார் ஓடவேண்டும். அதனால் நாக்கில் பட்டதும் துப்புவது என்று முதலே முடிவு செய்திருந்தேன். ஆகவே இந்தப் பயணமே மச்சான் குடிப்பதற்காகத்தான், நான் பார்த்து மகிழ்வதற்காகத்தான். அந்தப் பெண் ஒவ்வொருவருக்காக ஊற்றிக்கொண்டு வந்தார்.

மச்சானின் முறை வந்தபோது அவன் கிளாஸின் மேல் கையை வைத்தான். உள்ளங்கையைக் கவிழ்த்து அதன் வாயை மூடினான், அவ்வளவுதான்.

அந்தப் பெண் போத்தலை அப்படியே நிமிர்த்தினார். ஏன் என்று கேட்கவில்லை. முகத்தைக்கூட உற்றுப் பார்க்கவில்லை. பலகையை அவனுக்கு முன்னால் இருந்து எடுத்துக்கொண்டு போய், ஊசியிலைக் குருத்துப் போட்ட சுடுதண்ணீர் ஒரு கோப்பையில் கொண்டுவந்து வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. எனக்கோ பெரிய அவமானம். என்ன உபசாரம் இது? ஒருக்கால்கூட வற்புறுத்தாமல் எடுத்துக்கொண்டு போகிறாளே! கூட்டிக்கொண்டு வந்த விருந்தாளி சுடுதண்ணீர் குடிப்பதோ?

என் பலகையில் இருந்து ஒரு கிளாஸைத் தூக்கி அவனுக்கு முன்னால் வைத்தேன்.

"வேண்டாம் அத்தான்" என்றான்.

"எடடா. என்ர பங்கையும் நீதான் குடிக்கவேணும். நான் கார் ஓடவேணுமெல்லே?"

"இல்லை அத்தான், வேண்டாம்."

"டேய், இது கொத்தமல்லித் தண்ணி. மருந்து. உன்ர தலையிடிக்கு நல்லது."

எதிரே இருந்தவர்களுக்கும் இதை ஆங்கிலத்தில் சொன்னேன். மறுபடியும் சிரிப்பு. மச்சானும் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் இப்போதும் மறக்கவில்லை. உதடு மட்டும்தான் சிரித்தது. மீண்டும் கிளாஸின் மேல் கையை விரித்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டில் தட்டுக்கு மேல் விரித்த கையை எப்படி விலக்குவேனோ, அப்படியே அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினேன். தூக்கி, அந்தக் கைக்குள் கிளாஸைத் திணித்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டேன்.

"அக்காவுக்குச் சொல்லமாட்டன். குடி" என்றேன்.

கிளாஸில் இருந்து கொஞ்சம் அவன் விரல்களில் சிந்தியது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும், பொருளை வீணாக்குகிறானே என்றுதான் நினைத்தேன்.

அந்த நேரம் அந்தப் பெண் இரண்டாவது போத்தலைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்க, நான் அந்தப் பக்கம் திரும்பினேன். ஒரு நிமிடம் இருக்கும். திரும்பிப் பார்த்தால் மச்சானின் கிளாஸ் வெறுமையாக இருந்தது. "பாத்தியா, பாத்தியா!" என்று அவன் முதுகில் தட்டினேன். அவன் எழுந்து வெளியே போனான். ஜின் ஏறிவிட்டது, காற்று வாங்கப் போகிறான் என்று எல்லோருக்கும் சொன்னேன்.

இரண்டாவது, மூன்றாவது கிளாஸையும் நாக்கில் வைத்துத் துப்பினேன். ஆள் வரவில்லை. தேடிக்கொண்டு போனேன்.

கொட்டகைக்குப் பின்பக்கம் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ஒரு குழாய். மச்சான் அதற்கு முன்னால் குந்தியிருந்து வலது கையைக் கழுவிக்கொண்டிருந்தான். கழுவுவான், மூக்கடியில் வைத்து மணப்பான், திரும்பவும் கழுவுவான். ஒக்டோபர் மாதத்துத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். கை செக்கச்செவேல் என்று சிவந்திருந்தது.

"என்னடா, ஒரு சொட்டு பட்டதுக்கு இந்தக் கழுவு கழுவுறாய்?" என்று நான் சிரித்துக்கொண்டே கேட்டேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். கண் கலங்கியிருந்தது.

"வாளிக்குள்ள ஊத்திப்போட்டன் அத்தான். குடிக்கேல்ல. மணம் போகுதில்லை. பன்னிரண்டு மணிக்குப் பிள்ளை எடுப்பாள்."

போனில் மணம் எப்படிப் போகும் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது. குழாயை மூடாமலே, அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்குள்ளேயே எல்லாவற்றையும் சொன்னான். வேலை, வைத்தியசாலை, கூட்டம், பதினான்கு மாதம், மகளின் போன். "அவள் என்னட்டைக் குடிச்சனீங்களோ எண்டு ஒருநாளும் கேட்டதில்லை. என்ன சாப்பிட்டீங்கள் எண்டுதான் கேப்பாள். நான் சொல்லுற சாப்பாடு அவளுக்குத் தேவையில்லை அத்தான். குரலைத்தான் கேட்டுக்கொண்டு இருப்பாள்."

"ஒரு வாயில குரல் மாறாதேயடா" என்று மெல்லச் சொன்னேன். சும்மா வாயில் வந்த விசர்க் கதை, பைத்தியக்காரப் பேச்சு.

"குடிச்சால் மாறாது. பொய் சொன்னால் மாறும்" என்றான்.

பிறகு ஒன்று சொன்னான். அதுதான் என்னை உடைத்தது. "கையில கிளாஸ் இருக்கேக்க, அத்தானே தாறார், குடிச்சால் என்ன எண்டு ஒருக்கா நினைச்சன். நீங்கள் அங்கால திரும்பினதாலதான் ஊத்தினனான். திரும்பியிருக்காட்டி…"

வெள்ளத்தில் இருந்து தப்பி வந்து கரையில் நிற்கிற ஒருவனைப் பிடித்து, சிரித்துச் சிரித்து, நாலு பேருக்கு முன்னால் பகிடி விட்டு, திரும்பவும் அதற்குள் தள்ளியிருக்கிறேன். அன்பாகத்தான் செய்தேன். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

அந்தப் பெண் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. ஒரு துவாயும் சவர்க்காரக் கட்டியும் கொண்டுவந்து மச்சானிடம் கொடுத்தார். அவன் கழுவித் துடைக்கும்வரை பக்கத்தில் நின்றார். பிறகு என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல் ஆங்கிலத்தில் சொன்னார். "அவர் வேண்டாம் என்றார், முஸ்யூ." கொஞ்சம் பொறுத்து, "எங்கள் தொழிலில் போத்தலைப் பார்க்கிறதைவிடக் கையைத்தான் கூடப் பார்க்கவேண்டும்" என்றார். அவ்வளவுதான். துவாயை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஜின் வடித்து விற்கிற ஒரு பெண்ணுக்கு ஒரே பார்வையில் தெரிந்தது, இருபத்தைந்து வருடம் அத்தானாக இருக்கிற எனக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டு மணிக்குப் போன் அடித்தது. ஒரு நிமிடம் முந்தவுமில்லை, பிந்தவுமில்லை. மச்சான் ஒரு பெரிய மூச்சு எடுத்துவிட்டு எடுத்தான். "ஓம் பிள்ளை… இல்லை, இன்னும் சாப்பிடேல்ல. இனித்தான்… மாமாவோட வெளியில வந்தனான். குளிர்தான்… ஓம், தொப்பி போட்டிருக்கிறன்." அவன் தலையில் தொப்பி இல்லை. நான் என்னுடையதைக் கழற்றி அவன் தலையில் வைத்தேன். அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

திரும்பி வரும் வழியில் ஆப்பிள் தோட்டத்துக்குப் போனோம். அவன் திரும்பக் கேட்காமலே நான் காரைத் திருப்பினேன். இரண்டு பேரும் ஒரு பை நிறையப் பிடுங்கினோம். வயதில் சின்னவனிடம், அதுவும் மனைவியின் தம்பியிடம், மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. கடைசி மரத்தடியில் எப்படியோ கேட்டுவிட்டேன். "விடுங்கோ அத்தான்" என்றான். "அக்காவுக்கு மட்டும் சொல்லாதேங்கோ. நானே ஒருநாளைக்குச் சொல்லுறன்."

அப்போதுதான் எனக்கு ஞாயிற்றுக்கிழமை நினைவு வந்தது. மச்சான் வந்திருக்கிறான் என்று மத்தியான விருந்துக்கு இருபத்தைந்து பேரைக் கூப்பிட்டிருந்தேன். வருகிற ஒவ்வொருவனும் என்னிடம் பாடம் படித்தவன். ஒவ்வொருவனும் மூன்று தடவை கேட்பான். இருபத்தைந்து பேரை மூன்றால் பெருக்கிப் பாருங்கள். அவனுடைய கதையைச் சொல்லாமல் அவனைக் காப்பாற்றுவது எப்படி?

இரண்டு நாள் யோசித்தேன். ஞாயிறு காலையில் மனைவியிடம், வைத்தியர் எனக்குக் குடி கூடாது என்று சொல்லிவிட்டார், ஈரல் கொஞ்சம் பிழையாம், வீட்டில் ஒரு போத்தலும் இருக்கக்கூடாதாம் என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். பேஸ்மென்ட் அலமாரியில் இருந்ததெல்லாம் காரின் பின்பெட்டிக்குள் போயிற்று. வந்தவர்களுக்கு ஜூசும் தேத்தண்ணியும். எனக்காக எல்லோரும் இன்றைக்குப் பொறுத்துக்கொள்ளவேண்டும் என்று கைகூப்பினேன்.

பொறுப்பார்களா? மொன்ட்ரியால்-நோரில் ஒரே வீட்டில் இருந்த காலத்து நண்பன் ஒருவன், தம்பி மாதிரி, தன் காரில் இருந்து ஒரு போத்தலோடு வந்தான். "அண்ணை, வைத்தியன்மார் எப்பவும் உப்பிடித்தான் சொல்லுவாங்கள். ஒண்டு மட்டும்" என்று என் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு கிளாஸை வைத்தான். வேண்டாம் என்றேன். மற்றவர்கள் கைதட்டினார்கள். "அண்ணை வெட்கப்படுறார்" என்றான் ஒருவன். நான் கிளாஸின் மேல் கையை வைத்தேன். நண்பன் சிரித்துக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினான்.

என் கை அந்தரத்தில் நின்ற அந்த நேரம்தான் எனக்கு விளங்கியது. எனக்கு ஈரலிலும் ஒன்றுமில்லை, குடித்தாலும் ஒன்றும் ஆகாது. அப்படி இருந்தும் அவமானமாக இருந்தது. என் சொல்லுக்கு இந்த வீட்டில் ஒரு பெறுமதியும் இல்லை, நான் சொன்னது யாருடைய காதிலும் விழவில்லை என்ற மாதிரி. வெறும் நடிப்புக்கே இப்படி என்றால், உயிரைப் பிடித்துக்கொண்டு இருக்கிறவனுக்கு எப்படி இருந்திருக்கும்?

"வேண்டாம் எண்டு சொன்னனானெல்லே!" என்று கத்திவிட்டேன்.

வீடு அடங்கியது. நண்பனின் முகம் சுருங்கிவிட்டது, பாவம். அவன் கற்றதே என்னிடம்தான். போத்தலை எடுத்துக்கொண்டு போய்க் காருக்குள் வைத்துவிட்டு வந்தான். கொஞ்ச நேரத்தில் யாரோ ஒரு பகிடி விட, கதை பழையபடி தொடங்கியது. அன்று முழுக்க யாரும் யாருக்கும் ஊற்றவில்லை. மச்சானிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லோருக்கும் என் ஈரல்தான் கதை. அவன் மூலையில் இருந்து என்னைப் பார்த்தான். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் அழுதிருப்பேன்.

விருந்து நடுவில் பன்னிரண்டு மணிக்கு அவன் போன் அடித்தது. வழமைபோல் பேசினான். பிறகு போனை என்னிடம் நீட்டினான்.

"அவளுக்கு உங்களோட கதைக்கவேணுமாம்."

வாங்கினேன். அந்தப் பிள்ளையோடு நான் பிறந்தநாள் வாழ்த்துக்கு மேல் பேசியதில்லை. தடக்கித் தடக்கி அவள் தமிழில் கேட்டாள்: "மாமா, பார்ட்டியில என்ன சாப்பிட்டீங்கள்?"

அவள் கேட்பது சாப்பாடு இல்லை என்று எனக்கு இப்போது தெரியும். என் குரலைக் கேட்கிறாள். என் குரலுக்குள் தன் அப்பாவைத் தேடுகிறாள். "கோழிக்கறி, றோல்ஸ், கட்லட்" என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். "குடிக்கிறதுக்கு எல்லாருக்கும் தேத்தண்ணி மட்டும்தான் பிள்ளை. மாமா வீட்டில இனி அது மட்டும்தான்."

பிறகு, "தாங்க்யூ மாமா" என்றாள். அந்த இரண்டு சொல்லை வாங்க எனக்குத் தகுதி இல்லை என்று எனக்குத்தான் தெரியும்.

பிறகு நடந்தது பெரிய கூத்து. என் ஈரல் ஊரெல்லாம் பிரபலமாகிவிட்டது. ஒருவர் பாகற்காய்ச் சாறு குடிக்கச் சொன்னார். ஒரு மாமி கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு விபூதி அனுப்பினா. மனைவி மூன்று மாதம் எனக்கு எண்ணெயில் பொரித்த ஒன்றையும் கண்ணில் காட்டவில்லை. பொய்க்கு அதுதான் தண்டனை என்று அவித்த மரக்கறியைச் சாப்பிட்டேன். தை மாதம் மச்சானே போன் எடுத்துத் தமக்கையிடம் எல்லாவற்றையும் சொன்னான். மனைவி அழுதாள். பிறகு என்னிடம் வந்து, "இஞ்சாருங்கோ, அப்ப உங்கட ஈரலுக்கு ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டாள். அன்று இரவு மீன் பொரித்தாள்.

மச்சானுக்கு இப்போது மூன்று வருடம் தாண்டிவிட்டது. எங்கள் வீட்டில் இன்றைக்கும் போத்தல் இல்லை. வருகிறவர்களுக்குச் சோற்றை இப்போதும் அள்ளித்தான் போடுகிறேன், ஆனால் கேட்பது ஒரு தடவைதான். போன மாதம் ஒரு மாமி, "உவன் ஒருக்கால் கேட்டுப்போட்டு விட்டிட்டான், நான் அரை வயிறோட வந்தனான்" என்று ஊரெல்லாம் குறை சொன்னாவாம். சொல்லட்டும். அவவுக்குப் பசி தீர வழி இருக்கிறது, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். யாராவது தட்டின் மேல் கையை விரித்தால், குழாய்த் தண்ணீரில் சிவந்துபோன அந்தக் கைதான் எனக்கு இன்றும் தெரிகிறது, கரண்டி அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது.